டாக்டர் போர்வை

தூத்துக்குடியில் எனக்குக் கிடைத்த முதல் தேநீரை ஒரு கல்லறைச் சுவரின் மேல் வைத்துக் கொடுத்தார்கள்.

உண்மையான சுவர் இல்லை, அதிலிருந்த ஓவியத்தின் நகல். பளபளப்பான கறுப்புத் தட்டில் பொன்னிறக் கோடுகளால் வரைந்திருந்தது. நடுவில் பெரிய தராசு. நரித்தலையும் மனித உடம்புமாக ஒருவன் மண்டியிட்டு அதன் முள்ளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். தராசின் ஒரு பக்கம் ஒற்றை இறகு, மறுபக்கம் சிறு சாடி. கோப்பையைக் கையில் எடுத்தேன். அது நின்றிருந்த இடத்தில் முதலைத்தலை மிருகம் ஒன்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. கோப்பையைத் திரும்ப அதன் மேலேயே வைத்துவிட்டேன்.

நான் மலேசியாவில், கிள்ளான் நகரில், இடைநிலைப்பள்ளி வரலாற்று ஆசிரியர். பண்டைய எகிப்து பாடத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியிருக்கிறேன். அந்தச் சாடியில் இருப்பது இறந்தவனின் இதயம் என்பதும், இறகைவிட அது கனத்துவிட்டால் அந்த மிருகம் அதைத் தின்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் தூங்காமல் கேட்கும் ஒரே பாடம் அதுதான். அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை.

"டீ ஆறிப்போவுது, குடிங்கண்ணே," என்றார் பிலோமி அக்கா. "தட்டு நல்லாருக்கா? மிக்கேல் சம்மனசு தராசு பிடிச்சிருக்காரு பாருங்க. மூஞ்சிய மட்டும் ஏன் நாய் மாதிரி போட்டுருக்கான்னு தெரியல. அந்த நாட்டுல அப்படிப் போல."

சம்மனசு என்றால் இந்தக் கடற்கரைக் கத்தோலிக்கர்களின் பேச்சில் வானதூதர். மிக்கேல் வானதூதர் கையில் தராசோடு நிற்கும் சுரூபத்தை நானும் எங்கள் ஊர் தேவாலயத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் சொன்னதை மறுக்கத் தோன்றவில்லை. அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அக்கா என்றேன். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் கவின், வயது இருபத்தொன்று, சரக்குக் கப்பலில் பயிற்சி அதிகாரி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும்போது ஒரு கயிறு அறுந்து, அவன் இடது காலில், முழங்காலுக்குக் கீழே அடித்துவிட்டது. சரக்கை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவன் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தான். என் மனைவியின் கடப்பிதழ் காலாவதியாகியிருந்ததால் நான் மட்டும் புறப்பட்டேன். அவள் விமான நிலையத்தில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிலோமி அக்காவின் மகன் ஜெரோம் அதே கப்பலில் மாலுமி. கவின் விழுந்ததுமே அவன் வீட்டுக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறான். ஆம்புலன்ஸ் வந்து சேரும் முன்பே அவன் தாயும் தகப்பனும் மருத்துவமனை வாசலில் நின்றிருக்கிறார்கள். அதிலிருந்து நான் வரும்வரை இருவரும் முறை வைத்து என் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் பேருந்து நிலையத்தில் என்னை அடையாளம் கண்டு பெட்டியை வாங்கிக்கொண்ட அக்காவின் கணவர் லூர்துராஜ் அண்ணனிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அத விடுங்க சார். கப்பல்ல போற பிள்ளைக்கு எந்த ஊருல அடிபட்டாலும் அந்த ஊருல ஒரு வீடு வேணும்லா? நாளைக்கு எம்பிள்ளைக்கு உங்க ஊருல ஒண்ணுன்னா நீங்க சோறு போட மாட்டியளா?"

போடுவேன் என்று சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கிள்ளான் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். அங்கே அடிபட்டு இறக்கப்பட்ட எந்த மாலுமியையும் இத்தனை வருடத்தில் நான் போய்ப் பார்த்ததில்லை.

நேராக மருத்துவமனைக்குத்தான் போனோம். மருத்துவர் நாற்பது வயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசினார். "ரத்தக்குழாயைத் தைச்சிருக்கோம் சார். எலும்புக்கு வெளியில இருந்து கம்பி போட்டிருக்கோம். பாதத்துக்கு ரத்தம் போய்ச் சேருதாங்கிறதுதான் இப்ப கேள்வி. புதன்கிழமை காலைல பத்து மணிக்குக் கட்டைப் பிரிப்போம். போயிருந்தா கால் நமக்கு. போகலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். தள்ளிப்போட முடியாது."

கவின் மருந்து மயக்கத்தில் இருந்தான். கட்டுக்கு வெளியே ஐந்து விரல்களும் தெரிந்தன. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். அவன் பிறந்த அன்று நான் எண்ணிப் பார்த்த விரல்கள். தொட்டேன், குளிர்ந்திருந்தன. அறை குளிரூட்டப்பட்டது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு வந்ததும், அந்தத் தேநீரும்.

மதியம் மீன் குழம்பு. பசி இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு, சீலா மீனைப் பெரிய துண்டாக விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் வைக்கும் புளிக்குழம்புக்குத் தூரத்து உறவு என்று நாக்கு சொன்னது. மகன் அப்படிக் கிடக்கும்போது நாக்கு இதையெல்லாம் கவனிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு சிறு தட்டில் கறுப்பாக, பளபளவென்று இனிப்பு வந்தது. "தொதல். கீழக்கரையில இருந்து வந்தது, உங்களுக்குப் புதுசா இருக்கும்," என்றார் அக்கா. எங்கள் ஊரில் நோன்புப் பெருநாளுக்குக் கிண்டும் அதே டோடோல். பெயர்கூட ஏறக்குறைய அதுவேதான். நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கடலுக்கு அங்கனயும் இதயா திங்கீய?"

செவ்வாய்க்கிழமை காலை வெளிச்சத்தில்தான் அந்த வீட்டைச் சரியாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என் பாடப்புத்தகம் முழுவதும் அங்கே பரவிக் கிடந்தது தெரிந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பொன்முகமூடி அணிந்த இளம் மன்னன் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். டிஷ்யூ காகிதம் வைக்கும் பெட்டியைச் சுற்றி அழுகைப் பெண்கள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வரிசையாக நின்றார்கள். உள்ளே மின்கட்டண ரசீதுகள். சுவரில் தொங்கவிட வேண்டிய ஒரு துணியைப் பிலோமி அக்கா வெட்டித் தைத்து மிக்ஸிக்கு உறையாகப் போட்டிருந்தார். தாமரை மொட்டை முகர்ந்துகொண்டிருந்த ஒரு சீமாட்டி, அதனால், கழுத்துக்குக் கீழே ஒயரோடு இருந்தாள். வீட்டுப் பீடத்தில் மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் நடுவே ஒரு பித்தளைத் தட்டு. அதில் சிறகு விரித்து மண்டியிட்ட பெண். மெழுகுவர்த்திப் புகையில் அவள் முகம் கறுத்துப்போயிருந்தது.

"இது சம்மனசுதான, சந்தேகமே இல்ல," என்றார் அக்கா.

அந்தப் பெண் எகிப்தியரின் தேவி, செத்த கணவனைச் சிறகால் மூடி நிற்பவள். நான் "அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. இந்த ஓவியங்களை வரைந்தவர்கள், மனிதக் கண் இனி பார்க்காது என்று தெரிந்தே வரைந்தார்கள். வரைந்து முடித்து, உடலை வைத்து, கதவை அடைத்து, இருட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அது இப்போது தூத்துக்குடியில் ஒரு சமையலறையில், தேங்காய்ச் சட்னி அரைபடும் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"எங்க தெருவுல கப்பல்காரங்க வீடு அத்தனையிலும் இதுல ஏதாவது ஒண்ணு கெடக்கும் சார்," என்றார் லூர்துராஜ் அண்ணன். அவர் முப்பது வருடம் கப்பலில் மாலுமிகளின் தலைவராக இருந்தவர். சூயஸ் கால்வாய்க்குள் நுழையும் கப்பல், கயிறு கட்டிக்கொடுக்க உள்ளூர்ப் படகுக்காரர்களையும் ஏற்றிக்கொள்ளுமாம். அவர்களுக்கு அந்த வேலை வரும்வரை வேறு வேலை இல்லை. கப்பலின் நடைவழியிலேயே துணி விரித்துக் கடை போட்டுவிடுவார்கள். சோப்புக்கும் பெயிண்டு டப்பாவுக்கும் சிகரெட்டுக்கும் பதிலாகச் சாமான் தருவார்கள். பிரமிடை இவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கப்பலைவிட்டு இறங்கியதே இல்லை.

சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போடும் விரிப்பில் ஒரு பிரபு நாணல் படகில் நின்று பறவைகளை நோக்கித் தடியை ஓங்கிக்கொண்டிருந்தான். கால்களை அகல விரித்து நின்றான். படகுக்கு அடியில் தண்ணீர், அதில் மீன்கள். அண்ணன் அதை விரலால் தட்டினார்.

"இந்த ஆளப் பாத்தியளா? இப்படி நின்னு எறிஞ்சாம்னா வள்ளம் அந்தால கவுந்துரும். இத வரைஞ்சவன் தண்ணிப்பக்கம் போனதே கெடையாது. ஆனா மீன எவனோ தெரிஞ்சவன் வரைஞ்சிருக்கான். இந்தா, இது மடவை. இந்தச் செதிலு, இந்த மூக்கு, மடவையேதான்."

அன்று மருத்துவமனைக்குத் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி நகரப் பேருந்தில் ஏறினேன். ஆசிரியனுக்கு இருக்கும் அசட்டு நம்பிக்கை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஒரு மீன்கூடைக்காகச் சண்டை போட்டார்கள்.

"ஏளா, ஒங்கூடைக்கு சீட்டு எடுத்தியா? எங்கால்ல ஏறி உக்காந்திருக்கு."

"ஒங்கால அங்கன எடுத்து வை. கூடைக்கு காலு இல்லல்லா, அதால நகர முடியாது."

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மூன்று இரவுத் தூக்கம் பாக்கி. நடத்துநர் தோளைத் தட்டியபோது பேருந்து காலியாக இருந்தது. துறைமுக வாசல்.

வழியெல்லாம் உப்பளம் இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. அங்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், லாரிகள், நாக்கில் ஒட்டும் கரித்தூள். வேலிக்கு அப்பால், வெகுதூரத்தில், ஒரு கப்பலின் முன்பக்கம் தெரிந்தது. அதிலிருந்து கரைக்கு இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளும் தெரிந்தன. அத்தனை தூரத்திலிருந்தும் அவற்றை எண்ண முடிந்தது. பக்கத்தில் போனால் தொடைத் தடிமன் இருக்கும். கயிறு என்றதும் நான் கிணற்றுக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும் இந்த நாட்களிலும், பள்ளிக் கொடிக்கம்பத்தில் காற்று கயிற்றை அடித்தால் பாடத்தை நிறுத்திவிடுகிறேன். மாணவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள்.

"யாரு வேணும்?" என்றார் காவலர்.

"யாரும் வேண்டாம்," என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன்.

அந்த ஒரு மணிநேரத் தாமதத்தில் பிலோமி அக்கா எனக்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்விட்டார். கவின் குளிர்கிறது என்று சொல்லியிருக்கிறான். அவர் வீட்டிலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து மார்பிலிருந்து பாதம்வரை போர்த்திவிட்டார்.

நான் கதவைத் திறந்தேன். மங்கிய மஞ்சள் பருத்தித் துணி. அதன் நடுவே சிங்கக்கால் வைத்த கட்டில் ஒன்று. கட்டிலில் தலைமுதல் கால்வரை துணி சுற்றிய ஓர் உருவம். கறுப்பு நரித்தலை தெய்வம் குனிந்து இரு கைகளையும் அதன் மேல் வைத்திருந்தது. என் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அதே படம். கல்லறையிலிருந்து எடுத்தது. கட்டிலில் கிடப்பவன் பிணம், குனிந்திருப்பவன் பிணத்தைப் பதப்படுத்துகிறவன். அந்தப் பிணத்தின் கால் இருந்த இடத்தில் சரியாக என் மகனின் கால் இருந்தது.

"டாக்டர் போர்வைண்ணே," என்றார் அக்கா மகிழ்ச்சியாக. "எங்க வீட்டுல யாரு படுத்தாலும் இதத்தான் போர்த்துவோம். நாய்மூஞ்சி டாக்டர். தெருவுல காய்ச்சல்னாகூட வாங்கிட்டுப் போவாவ..."

அவர் சொல்லி முடிக்கும் முன் நான் போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

அது காலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. கவின் அலறினான். அவன் குழந்தையாக இருந்தபோதுகூட அப்படிக் கத்தியதில்லை. செவிலி ஓடிவந்தார். "சார், என்ன சார் பண்றீங்க? படிச்சவங்கதானே?" துணியைக் கத்திரியால் நறுக்கிக் கம்பியிலிருந்து விடுவித்து, என் கையில் திணித்தார்.

"அப்பா," என்றான் கவின், பல்லைக் கடித்தபடி. "அது அனுபிஸ்தானே? கேம்ல வருவான். நல்லவன்ப்பா. எதுக்கு எடுத்தீங்க? குளிருது."

வராந்தாவில் பிலோமி அக்கா கேட்டார். "என்னண்ணே, துணி அழுக்குன்னு நெனச்சியளா? நேத்துதான் வெந்நில அலசுனேன்."

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் இருக்கிறவனுக்குத் தன் பயத்தை யார் தலையிலாவது இறக்கிவைக்கத் தோன்றுகிறது. நான் சொல்லிவிட்டேன். அது டாக்டர் இல்லை. கட்டிலில் இருப்பவன் நோயாளி இல்லை, செத்தவன். அந்தப் படம் கல்லறைக்குள் இருப்பது. உங்கள் தட்டில் இருப்பதும், மிக்ஸி உறையில் இருப்பதும், பீடத்தில் இருப்பதும், எல்லாமே கல்லறைக்காக வரைந்தவை.

அவர் என் கையிலிருந்த போர்வையை வாங்கி, நறுக்கிய இடத்தை உள்ளே வைத்து நான்காக மடித்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொன்னார். அவர் படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் போர்வைக்குள் வளர்ந்த அவருடைய மகன் அந்த நேரத்தில் நடுக்கடலில் இருந்தான்.

புதன்கிழமை அதிகாலைக் காப்பி வெறும் எவர்சில்வர் தட்டில் வந்தது. லூர்துராஜ் அண்ணன் கொண்டுவந்தார். மேசையில் விரிப்பு இல்லை. மிக்ஸி உறையில்லாமல் நின்றது. பீடத்தில் பித்தளைத் தட்டு இருந்த இடத்தில் புகை படியாத வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. அக்கா கோயிலுக்கு, பூசைக்குப் போயிருப்பதாக அண்ணன் சொன்னார்.

"பத்து மணிக்குத்தான டாக்டரு? வாங்க, இங்கன கெடந்து செவத்தப் பாக்காண்டாம்," என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றித் திரேஸ்புரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

வள்ளங்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. ஏலக்காரர் ஒருவர் மூச்சுவிடாமல் எண்களைப் பாடினார். ஈரத் துணியோடு சிலர் சங்குகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். முத்துக்குளிப்பு நின்று வெகுகாலமாகிறது, இப்போது சங்குக்குத்தான் முங்குகிறார்கள். அண்ணன் ஒரு கூடைக்குள் கையைவிட்டு ஒரு மீனை எடுத்துக் காட்டினார். மடவை. மேசை விரிப்பில் பார்த்த அதே மூக்கு, அதே செதில். பல்லாயிரம் மைல் தள்ளி, ஒரு பிணத்தின் பக்கத்தில், அந்த ஓவியன் எத்தனை கவனமாக ஒரு மீனைப் பார்த்து வரைந்திருக்கிறான். ஒரு நிமிடம் நான் எல்லாவற்றையும் மறந்து அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நேற்று நான் அக்காவிடம் பேசியது தப்பு," என்றேன்.

அவர் மீனைக் கூடையில் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். "எனக்கு முன்னமே தெரியும் சார்."

"எது?"

"அது பொணம்னு. ஜெரோம் சின்னப் பிள்ளையா இருக்கும்போது காய்ச்சல்ல கெடக்கான்னு வீட்டுல இருந்து சேதி வருது. நான் சூயஸ் கனாலுல இருக்கேன். எறங்கி ஓடவா முடியும்? அந்த ஈஜிப்துக்காரன் இந்தப் போர்வைய விரிச்சு வச்சிருக்கான். பாத்துக்கிட்டே நின்னேன். இவன் செத்துட்டானான்னு கேட்டேன்."

அந்த எகிப்தியர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதை அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார். அது இப்படி இருந்தது: "ஆமாம், செத்துவிட்டான். ஆனால் குனிந்திருக்கும் இவனைப் பார், இன்னும் கையை எடுக்கவில்லை."

"என் மழைக்கோட்டைக் குடுத்துட்டு அத வாங்கிட்டேன். ஊருக்கு வந்தா பையனுக்குக் காய்ச்சல் விட்டபாடில்ல. இது என்ன படம்னு இவ கேக்கா. பொணம்னா சொல்லுவேன்? டாக்டருன்னுட்டேன். அந்தால அது டாக்டராவே ஆயிட்டு. பத்து நாளுல அவனும் எந்திச்சுட்டான். பெறவு எப்பச் சொல்ல?" கடலைப் பார்த்தார். "நேத்து சொல்லிட்டேன். இப்ப அவ கோவம் உங்க மேல இல்ல சார், போர்வை மேலயும் இல்ல. என் மேல. காப்பிகூட நான்தான் போட்டேன், குடிச்சியள்லா, தெரிஞ்சிருக்குமே."

உண்மையில் காப்பி மோசமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது பிலோமி அக்கா வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தார். கையில் பை. பைக்குள் அந்தப் போர்வை, தேய்த்து மடித்து, நறுக்கிய இடத்தில் மஞ்சள் நூலால் தையல் போட்டு.

"அண்ணே, நான் பூசைல இருந்து யோசிச்சேன். கோயில்ல யோசிக்கக் கூடாதுதான், யோசிச்சேன். இதப் போர்த்துன ஆளுகள ஒவ்வொருத்தரா எண்ணுனேன். எம்பிள்ள, எனக்கு வயித்துல ஆப்பரேசன் பண்ணுனப்ப நான், எதுத்த வீட்டுக்காரி பிரசவம். எல்லாரும் இந்தா நடமாடுதோம். செத்துப்போனவனையே இப்படிக் குனிஞ்சு பாத்துக்கிடுதவன், உசுரோட கெடக்கவன விட்டுருவானா? நீங்க சொல்லுங்க, நீங்கதான படிச்சவிய."

நான் பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"மத்ததெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டார் அண்ணன்.

"றெக்கக்காரி இருந்துட்டுப் போறா. யாரையோ காக்கத்தான செய்யுதா. அந்த முதலத்தட்டு மட்டும் வேண்டாம். அத நீங்களே வச்சு டீ குடிங்க."

ஆட்டோ இரண்டாம் கேட்டில் நின்றது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று வருவதும் நிற்பதுமாக, போகவே மாட்டேன் என்றது. மணி பத்தாக எட்டு நிமிடம். எங்கள் ஊரில் இப்படி ஊருக்கு நடுவே ரயில் குறுக்கிடுவதில்லை என்று ஏதோ உளறினேன். பிலோமி அக்கா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க... ஏலே, அந்த லாரிக்கு முன்னால நிப்பாட்டுனா என்ன... கர்த்தர் உம்முடனே..."

"யக்கா, ஆட்டோவத் தூக்கியா வைக்க முடியும்?" என்றார் ஓட்டுநர்.

"தூக்கி வைலே, ஒரு பிள்ளைக்குக் கால் பாக்கப் போறோம்... பெண்களுக்குள்..."

ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் லாரிக்காரரிடம் ஏதோ சொன்னார். லாரி பின்வாங்கி வழிவிட்டது. கேட் திறந்ததும் நாங்கள்தான் முதல் வண்டி.

கட்டைப் பிரிக்கும்போது உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. அக்கா போர்வையைக் கவினின் மார்பில் போர்த்திவிட்டு, அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்துவிட்டு வெளியே போனார். மருத்துவர் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அவிழ்க்க அவிழ்க்க அது முடிவதாக இல்லை. கடைசிச் சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, அவன் மூடவில்லையே என்று திறந்தேன்.

மருத்துவர் ஒரு ஊசியை எடுத்துக் குதிகாலில் குத்தினார். காத்திருந்தார். நானும் அந்த இடத்தையே பார்த்தேன். மிகச் சிறிய புள்ளியாகச் சிவப்பு எழுந்தது, உருண்டது, வழிந்தது. நல்ல சிவப்பு. உள்ளங்காலில் குத்தினார். பெருவிரலில் குத்தினார். ஒவ்வொரு முறையும் வந்தது.

"ஆ! சார், போதும்!" என்று கத்தினான் கவின்.

"கத்து, நல்லாக் கத்து," என்றார் மருத்துவர். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

கடைசி இரண்டு சிறு விரல்களில் ஒன்றும் வரவில்லை. மறுபடி குத்தினார். வரவில்லை. அவை கறுத்திருந்தன.

"இந்த ரெண்டும் போயிடும். கால் இருக்கும். நடக்க நாளாகும், ஆனா நடப்பான்."

கவின் தன் பாதத்தைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"பத்துக்கு எட்டு, சார். பாஸ்தானே?"

வீட்டில் அவன் என்னை ஒருநாளும் சார் என்று அழைத்ததில்லை. அவன் என் வகுப்பில் படித்த இரண்டு வருடங்களில் மட்டும் அழைத்திருக்கிறான். பாஸ் என்று தலையை ஆட்டினேன்.

வராந்தாவுக்கு வந்து மனைவியின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னங்க?" என்றாள். எனக்குக் குரல் வரவில்லை. மீண்டும் "என்னங்க?" என்றாள், இந்தமுறை வேறு குரலில். என் மௌனத்தை அவள் தவறாக எடுத்துக்கொள்கிறாள் என்பது புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்க முடியவில்லை.

பிலோமி அக்கா என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, மருத்துவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார்.

"மைனி, நான் பிலோமி பேசுதேன், ஜெரோமுக்க அம்மா. பதறாதிய. பிள்ளைக்குக் கால் இருக்கு. ஆமா, இருக்கு. ரெண்டு சின்ன விரல் போவுது, அவ்வளவுதான். செருப்புக்குள்ள தெரியாது. அண்ணே இங்கனதான் நிக்காவ, அவியளால பேச முடியல. நீங்க அழுவுங்க. நான் வைக்க மாட்டேன்."

அந்தப் பக்கத்து அழுகை எனக்கே கேட்டது. அக்கா சுவரில் சாய்ந்து, தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடையிடையே "ம்... ம்..." என்று மட்டும் சொல்லியபடி, அது அடங்கும்வரை அப்படியே நின்றார்.